தி ஆர்னிதாலஜிஸ்ட் (2016): காட்டில் தொலைந்தவன் கோடி அற்புதர் ஆன படம்

பெந்தகாளூரான் எழுதியது:

போர்ச்சுகல் இயக்குநர் ஜோவாவ் பெட்ரோ ரோட்ரிகஸின் இந்தப் படத்தை கோரமங்களாவில் நண்பர்கள் நடத்தும் ஒரு சின்னத் திரையிடலில் போன வாரம் போட்டார்கள். ஸ்விட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கிய படம். முடிந்ததும் வழக்கமான பேச்சு: கனவு மாதிரி இருக்கிறது, தர்க்கம் தேடக் கூடாது, சும்மா அனுபவிக்க வேண்டும். எனக்கு இதில் உடன்பாடில்லை, அதற்குத்தான் இந்த இழை. கதை முழுக்க வரும். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பெர்னாண்டோ ஒரு பறவை ஆய்வாளன். போர்ச்சுகலின் வடகிழக்கில், டோரோ ஆறு ஸ்பெயினுக்கு எல்லையாக ஓடும் மலையிடுக்குப் பக்கம், கயாக் படகில் தனியாகக் கருநாரைகளைத் தேடிப் போகிறான். செர்ஜியோ என்பவன் செல்பேசியில் கூப்பிட்டு மாத்திரை சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறான். சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. தொலைநோக்கியில் நாரையையே பார்த்துக்கொண்டிருப்பவன் நீரோட்டத்தைக் கவனிக்கவில்லை. படகு போய்விடுகிறது.

அவனைக் கண்டெடுப்பவர்கள் இரண்டு சீனப் பெண்கள். ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகோ திருத்தலத்துக்கு நடைப்பயணம் கிளம்பி, வழி தவறி இந்தக் காட்டுக்குள் வந்தவர்கள். உயிர் பிழைக்க வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவனை மரத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். தப்பித்து ஓடினால், முகமூடியும் வண்ணக் குஞ்சங்களும் அணிந்த ஆட்கள் இரவில் நெருப்பைச் சுற்றி ஆடுகிறார்கள். அப்புறம் ஆடு மேய்க்கும் இளைஞன் ஒருவன், காது கேளாது, வாய் பேசாது, பெயர் இயேசு. அவனோடு காதல், அடுத்து சண்டை, கத்தி, சாவு. லத்தீன் பேசும் வேட்டைக்காரப் பெண்கள் குதிரையில் வருகிறார்கள். செத்தவனின் இரட்டைச் சகோதரன் தோமா வருகிறான். இதற்கு நடுவே பெர்னாண்டோ தன் விரல் நுனிகளைச் சுட்டு ரேகையை அழித்துக்கொள்கிறான். பெயர் அந்தோணி என்று மாறுகிறது, முகமும் மாறுகிறது. இத்தாலியின் பதுவா நகரத்துச் சாலையில் நடந்து போகிறான். அவ்வளவுதான் படம்.

லிஸ்பனில் பிறந்தபோது பெர்னாண்டோ, துறவியானதும் அந்தோணி, கடைசியில் பதுவா. இது யாருடைய வாழ்க்கை என்று ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்புக்குப் போன எந்தக் குழந்தையும் சொல்லிவிடும்: கோடி அற்புதர் என்று நாம் கும்பிடும் பதுவை அந்தோணியார். என் கட்சி இதுதான்: இது கனவுப் படம் இல்லை, புனிதர் சரித்திரம். தலபுராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் திகைக்க ஒன்றும் இல்லை. ஒருவன் காட்டுக்குள் போவான், சோதனை வரும், உருமாறி வேறு பெயரோடு வெளியே வருவான். நாம் இதைத் திருவிழா மைதானத்தில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்த ஜனங்கள்.

சில்க்போர்டு_சிக்னல் எழுதியது:

அண்ணா, அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அந்தோணியார் படம் என்று சொல்லிச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாமா?

பெந்தகாளூரான் எழுதியது:

கூடவே கூடாது தம்பி. ஆற்றங்கரைக் காட்சி ஒன்று போதும், உன்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

நடுப்பக்கம் எழுதியது:

அதே திரையிடலில் நானும் இருந்தேன். பின் வரிசையில் தூங்காமல் பார்த்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

//தலபுராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் திகைக்க ஒன்றும் இல்லை//

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் இது படத்துக்குப் பெருமையா, குறையா? சாவி வெளியே இருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்? அந்தோணியார் யார் என்று தெரிந்தவனுக்கு ஒரு படம், தெரியாதவனுக்கு வேறொரு படம். தெரியாதவன் பார்ப்பது, அழகான ஆள் ஒருவன் சட்டையில்லாமல் காட்டில் திரியும் 2 மணி நேரம். தெரிந்தவன் பார்ப்பது, ‘ஓ, இது அதுவா’ என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடிக்கும் விளையாட்டு. இரண்டுமே எனக்குப் போதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சீனப் பெண்களை இயக்குநர் என்ன செய்திருக்கிறார்? சிரிப்பு, மரியாதை, அடுத்த நொடி கயிறு. கிழக்கிலிருந்து வரும் பெண் என்றால் கள்ளமும் கொடூரமும் சேர்த்து வைத்துவிடுவது மேற்கத்திய சினிமாவின் பழைய வியாதி. கலைப்படம் என்பதற்காக அதைக் கண்டுகொள்ளாமல் விட முடியுமா? அந்த இரண்டு பேரின் இடத்தில் இரண்டு தமிழ்ப் பெண்களை வைத்திருந்தால் இந்த மன்றத்தில் எத்தனை பக்கத்துக்குக் கொதித்திருப்போம்?

கழுகுமலை எழுதியது:

பறவைக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. படத்தில் அந்தோணியார் வரும் வரைக்கும்தான் எனக்குப் படம்.

முதல் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஒரு ஆள் பறவை பார்க்கிறான், அவ்வளவுதான். பேச்சு இல்லை, இசை துரத்தவில்லை. நீர், பாறை, மேலே வட்டமடிக்கும் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள். ஒளிப்பதிவு ரூய் பொசாஸ். அகலத்திரையில் ஆளைப் பொடியாக வைத்து, பாறைச் சுவரை முழுசாகக் காட்டுகிறார். பறவை பார்க்கப் போகிற எவருக்கும் தெரியும், காலையில் முதல் ஒரு மணி நேரம் நாம் அங்கே இருப்பதே நமக்கு மறந்துபோகும். அந்த மறதியைத் திரையில் இவ்வளவு சரியாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இயக்குநர் சினிமாப் பள்ளிக்குப் போகும் முன் பறவையியலாளர் ஆகும் எண்ணத்தில் உயிரியல் படிக்கச் சேர்ந்தவர் என்று தெரிந்தபோது ஆச்சரியப்படவில்லை.

கருநாரையைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் இல்லை. வெண்ணாரை ஐரோப்பாவில் புகைபோக்கியிலும் தேவாலயக் கூரையிலும் கூடு கட்டும், மனிதரோடு ஒட்டிப் பழகும். கருநாரை நேர் எதிர். ஆள் அரவம் கேட்டால் எழுந்து போய்விடும், மலைப்பாறை இடுக்கிலும் அடர்ந்த காட்டு மரத்திலும்தான் கூடு வைக்கும். நம் நாட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைதான். அதைத் தேடிப் போகிறவன் மனிதர் இல்லாத இடத்துக்குத்தான் போயாக வேண்டும்.

அந்த எல்லைப் பள்ளத்தாக்கில் இருக்கும் இன்னொரு பறவை மஞ்சள் மூக்கு வெள்ளைப் பாறு. திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளையில் குருக்கள் கையால் சோறு வாங்கித் தின்ற ‘கழுகுகள்’ இவைதான். பறவையியலாளர் கணக்கில் சாதாரணப் பிணந்தின்னி, கோயில் கணக்கில் சாபம் பெற்ற முனிவர்கள். இப்போது பல வருடங்களாக அங்கே வருவதில்லை. நம் பெங்களூரு ஆட்கள் பார்க்க வேண்டுமென்றால் ராமநகரா குன்றுக்குப் போகலாம். ‘ஷோலே’ எடுத்த பாறைகள், இன்று பாறு சரணாலயம். அதிகாலையில் போங்கள், வெயில் ஏறிவிட்டால் உயரே போய்ப் புள்ளியாகிவிடும். இழை மாறுகிறது, மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் சில இடங்களில் கேமரா பறவையின் கண்ணாகிவிடும். கீழே நிற்கும் மனிதனை அது பார்க்கும். அப்போது அங்கே நிற்பவன் கதாநாயகன் இல்லை, வேறொரு ஆள். கவனித்தீர்களா?

பெந்தகாளூரான் எழுதியது:

கவனித்தேன் சார். அது இயக்குநரேதான். பெர்னாண்டோவாக நடித்தவர் பால் ஹாமி, பிரெஞ்சுக்காரர். அவருக்குக் குரல் கொடுத்திருப்பதும் இயக்குநர். ஆக முதலிலிருந்தே உடல் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. கடைசியில் அந்தோணியாக மாறும்போது உடலையும் இயக்குநரே எடுத்துக்கொள்கிறார். மனிதர் கண்ணுக்கு அவன் பெர்னாண்டோவாகத் தெரியும்போதே பறவைகளுக்கு உள்ளே இருப்பவன் தெரிந்துவிடுகிறது. இதை வசனத்தில் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

லிங்கராஜபுரத்தாள் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் படத்தைத் தேடிப் பார்த்தேன். எங்கள் குடும்பத்துக்குச் சொந்த ஊர் உவரி, திருநெல்வேலிக் கடற்கரையில் அந்தோணியார் கோயில் இருக்கும் ஊர். தாத்தா காலத்தில் பெங்களூருக்கு வந்தவர்கள். இன்றும் செவ்வாய்க்கிழமை ஓசூர் ரோடு அந்தோணியார் கோயில் நவநாள் வழிபாட்டுக்குப் போகாவிட்டால் அம்மாவுக்கு வாரம் ஓடாது. அதனால் நான் நடுநிலையானவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதலில் கோபம்தான் வந்தது. ஆட்டுக்காரனுக்கு இயேசு என்று பெயர் வைத்து, அந்தக் காட்சியை வைத்து, அப்புறம் கத்தியையும் வைத்தது வேண்டுமென்றே செய்த சீண்டல். சீண்டல் இல்லை என்று கலைப்பட அன்பர்கள் விளக்கம் கொடுக்க வேண்டாம், எனக்கும் கண் இருக்கிறது. பாதியில் நிறுத்திவிட்டு, மறுநாள்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

ஆனால் மிச்சத்தைப் பார்க்கும்போது வேறு ஒன்று உறைத்தது. அந்தோணியார் சுரூபத்தை, அதாவது கோயில் சிலையை, நினைத்துப் பாருங்கள். பழுப்பு அங்கி, லீலிப் பூ, கையில் குழந்தை இயேசு. மற்ற புனிதர்கள் சிலுவையைப் பிடித்திருப்பார்கள், புத்தகத்தைப் பிடித்திருப்பார்கள். இவர் இயேசுவையே தூக்கி வைத்திருக்கிறார், குழந்தை அவர் முகத்தைத் தொடுகிறது. அத்தனை நெருக்கமான சுரூபம் எங்கள் கோயிலில் வேறு இல்லை. அந்த நெருக்கத்தைத்தான் இவர் எடுத்துக்கொண்டு, எங்களுக்குப் பிடிக்காத திசையில் கொண்டுபோயிருக்கிறார். பிடிக்கவில்லை, ஆனால் எங்கிருந்து எடுத்தார் என்று தெரிகிறது.

நடுப்பக்கம் சாருக்கு ஒரு பதில். ‘அடையாளம் கண்டுபிடிக்கும் விளையாட்டு’ என்கிறீர்கள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. காணாமல் போன பொருளைத் தேடித் தருகிற புனிதர் அவர். எங்கள் வீட்டில் சாவி தொலைந்தால், நகை தொலைந்தால், ஒரு தடவை ரேஷன் கார்டு தொலைந்தபோதுகூட, முதல் வேலை அந்தோணியாரிடம் மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வது. அவரே காணாமல் போனால்? படம் முழுக்க அவனுடைய சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. படகு, மாத்திரை, செல்பேசி, அடையாள அட்டை, கடைசியில் கைரேகை. தேட ஆளில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் தேடிக் கொடுப்பவர் தன்னுடையதை ஒன்றும் மீட்டுக்கொள்ளவில்லை. இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அந்தச் சீனப் பிள்ளைகளைப் பற்றி: நீங்கள் சொன்னதில் பாதி சரி. கயிறு கட்டும் காட்சி எனக்கும் உவப்பாக இல்லை. ஆனால் அந்தப் படத்திலேயே பேயைப் பார்த்து நிஜமாகப் பயப்படுகிறவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். காட்டில் ஆவி இருக்கிறது, நீ துணைக்கு இரு என்கிறார்கள். இவன் படித்தவன், நம்ப மாட்டான். உவரியிலும் புளியம்பட்டியிலும் பேய் பிடித்தவர்கள் என்று கூட்டிவந்து அந்தோணியார் கோயில் முற்றத்தில் விட்டிருப்பார்கள். தலைவிரித்து ஆடுவார்கள். சின்ன வயதில் ஆச்சி முந்தானையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தவள் நான். அந்தப் பிள்ளைகள் தப்பான ஆளைக் கட்டிப்போடவில்லை. அவன் அந்தோணி ஆகும் முன்பே அவனிடம் பேயை ஓட்டச் சொல்லிக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் பதுவாச் சாலையில் அவனைப் பார்த்துச் சிரித்துக் கையசைப்பதும் அவர்களே.

நடுப்பக்கம் எழுதியது:

மேடம், கடைசி வாதம் அழகு. ஆனால் அது உங்கள் உவரி. படத்தில் அது இல்லை, நீங்கள் கொண்டுவந்து போட்டது.

லிங்கராஜபுரத்தாள் எழுதியது:

உவரியே போர்ச்சுகலிலிருந்து வந்ததுதானே சார். போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று அந்தக் கடல் வழியாகப் போகும்போது மாலுமிகளுக்குக் காலரா கண்டு, கப்பல் தச்சர் அந்தோணியார் சுரூபம் செதுக்கி வேண்டிக்கொள்ள, நோய் தீர்ந்து, உவரிக் கரையில் குடிசை போட்டு அதை வைத்துவிட்டுப் போனார்கள் என்பது எங்கள் தலவரலாறு. இயக்குநரின் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்த சாமியை நான் அவர் படத்தில் கண்டுபிடித்தால் அது வெளியிலிருந்து கொண்டுவந்ததா?

பெந்தகாளூரான் எழுதியது:

இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. ஆனாலும் சேர்ப்பேன்.

போர்ச்சுகலில் அந்தோணியாருக்கு இன்னொரு வேலை உண்டு, கல்யாணம் கூட்டிவைப்பது. ஜூன் 12 இரவு லிஸ்பன் தெருவெல்லாம் சாளை மீன் சுட்டுத் தின்று ஆடுவார்கள், மறுநாள் 13 அவருடைய திருநாள். 1958-இல், சலாசர் சர்வாதிகாரம் நடந்த காலத்தில், அந்தத் திருநாளையொட்டி ஏழை ஜோடிகளுக்குக் கூட்டுத் திருமணம் நடத்தும் வழக்கம் தொடங்கியது. நல்ல கத்தோலிக்கக் குடும்பம், கணவன், மனைவி, குழந்தைகள், அதற்குக் காவல் இந்தப் புனிதர். அப்படிப்பட்ட புனிதரை ஓர் ஆணைக் காதலிப்பவனாகக் காட்டுவது, லிங்கராஜபுரத்து அக்கா சொன்னதுபோல, சீண்டல்தான். ஆனால் சீண்டப்படுவது அவருடைய அம்மாவின் நவநாள் இல்லை, அந்த ஆட்சிக் காலம் தூக்கிப்பிடித்த கல்யாணச் சாமி. இயக்குநர் 2012-இல் எடுத்த ஒரு குறும்படமும் இதே திருநாளைப் பற்றித்தான். இரவெல்லாம் ஆடிவிட்டு விடியற்காலையில் லிஸ்பன் தெருவில் தள்ளாடி வீடு திரும்பும் இளவட்டங்கள், வசனமே கிடையாது.

முகமூடி ஆட்டக்காரர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? அவர்கள் இயக்குநர் கற்பனை செய்தவர்கள் இல்லை. கரெத்து என்று பெயர், அந்த வடகிழக்கு மலைக் கிராமங்களில் குளிர்காலத்தில் இன்றும் நடக்கும் சடங்கு. அதில் பொடென்ஸ் என்ற ஊரின் கார்னிவலை 2019-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. படத்தில் அவர்கள் பேசுவது மிராண்டேஸ். போர்ச்சுகீசுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு தனி மொழியாக நிற்பது, 1999-இல்தான் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. குலசேகரன்பட்டினம் தசராவில் வேஷம் கட்டியவர்களை நள்ளிரவில், மைதானத்துக்கு வெளியே, ஒற்றையடிப் பாதையில் தனியாக எதிர்கொண்டால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தக் காட்சி. அவர்களுக்கு அது திருவிழா, ஒளிந்து பார்ப்பவனுக்குத்தான் கெட்ட கனவு. ‘கனவு மாதிரி’ என்று சொல்கிறவர்கள் ஒளிந்திருப்பவன் பக்கமே நின்றுவிடுகிறார்கள்.

அல்சூர்_தமிழாசிரியர் எழுதியது:

படம் பார்க்கவில்லை, பார்க்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் கதை எனக்குப் பழக்கமான கதை. காரைக்கால் அம்மையார்.

புனிதவதி வணிகன் வீட்டுப் பெண். மாம்பழ அற்புதத்தைக் கண்டு பயந்த கணவன் விலகிப் போய் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். பிறகு அவள் காலிலேயே விழுகிறான். இனி இந்த உடம்பு யாருக்காக என்று கேட்டு, தசையும் அழகும் உதிர்த்துப் பேயுருவை வேண்டிப் பெற்றுக்கொள்கிறாள். கயிலைக்குக் காலால் நடக்கக் கூசி, தலையால் நடந்து போகிறாள். கடைசியில் அவள் கேட்டு வாங்கிக்கொண்ட இடம் திருவாலங்காடு. அந்தக் காட்டை அவர் பாடியிருப்பதைப் படியுங்கள். கள்ளியும் சூரையும் படர்ந்த சுடுகாடு, நரி பிணத்தை இழுக்கும், பேய்கள் கொட்டி முழக்கும். நடுவில் இறைவன் ஆடுகிறான். வற்றிய மார்பும் புடைத்த நரம்புமாக ஒரு பெண்பேயை வர்ணித்து, அது தானேதான் என்கிறார். தன் அடையாளத்தைக் காட்டில் கழற்றிப் போட்ட முதல் ஆள் உங்கள் பெர்னாண்டோ இல்லை.

நடுப்பக்கம் எழுதியது:

ஐயா, நீங்கள் படம் பார்க்காமலே என் வாதத்துக்குத் துணை வந்துவிட்டீர்கள்.

அம்மையார் வேண்டிப் பெற்றார். அதில்தான் அந்தக் கதையின் கனமே இருக்கிறது. அழகு வேண்டாம் என்று அவரே சொன்னார், பேயுரு வேண்டும் என்று அவரே கேட்டார். பெர்னாண்டோ எதைக் கேட்டான்? நாரை பார்க்கப் போனவன். படகு கவிழ்ந்தது, கட்டிப்போட்டார்கள், ஓடினான், கொன்றான், சுட்டார்கள். ஒன்றுகூட அவன் தேர்ந்தெடுத்தது இல்லை. விரலைச் சுட்டுக்கொள்வது ஒன்றுதான் அவனாகச் செய்வது, அதற்கும் காரணம் சொல்லப்படவில்லை. தலையெழுத்துப்படி இழுத்துச் செல்லப்படுகிறவனைப் புனிதர் என்றால், கோயம்பேடு பஸ் என்று நினைத்து மாதவரம் பஸ்ஸில் ஏறியவனும் புனிதர்தான்.

சில்க்போர்டு_சிக்னல் எழுதியது:

கோயம்பேட்டில் இப்போது தென் மாவட்ட பஸ் பலவும் நிற்பதில்லை சார், கிளாம்பாக்கம் போக வேண்டும் என்கிறார்கள், நானே தினம் புனிதர் ஆகிக்கொண்டிருக்கிறேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

பேருந்து நிலையத்துக்கு வேறு இழை இருக்கிறது.

லிங்கராஜபுரத்தாள் எழுதியது:

நடுப்பக்கம் சார், அந்தோணியாரின் நிஜ வாழ்க்கையைப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

அவர் முதலில் அகுஸ்தினார் சபைத் துறவி, கொயிம்ப்ரா நகரத்தில் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தவர். 1220-இல் மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்களை அந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்தவருக்குத் தானும் அப்படி வேதசாட்சியாகச் சாக வேண்டும் என்று ஆசை. சபை மாறினார், பெர்னாண்டோ என்ற பெயரை விட்டு அந்தோணி ஆனார், மொராக்கோவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே போய் நோயில் விழுந்தார். வாளும் இல்லை, சாவும் இல்லை, ஒன்றும் நடக்கவில்லை. ஊருக்குத் திரும்பலாம் என்று கப்பல் ஏறினால் புயல் அடித்துச் சிசிலியில் கொண்டுபோய் ஒதுக்கியது. அப்படித்தான் இத்தாலிக்கு வந்தார். அதனால்தான் பதுவா. போர்ச்சுகலுக்கு அவர் திரும்பிப் போய் வாழவே இல்லை. 1231 ஜூன் 13-இல் பதுவாவுக்கு வெளியே இறந்தார், அப்போது முப்பத்தைந்து முப்பத்தாறு வயது. ஒரு வருடம்கூட முடியும் முன் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

ஆக, அவர் கேட்டது கிடைக்கவில்லை. கேட்காத ஊரில், கேட்காத பெயரில், கோடி அற்புதர் ஆனார். படகு கவிழ்வதும் வழி தவறுவதும் இயக்குநர் கட்டிய கதை இல்லை, புனிதர் வாழ்க்கையிலேயே இருப்பது. அம்மையாருக்கும் இவருக்கும் வித்தியாசம் நீங்கள் சொன்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வித்தியாசமே அந்தோணியாரின் கதை.

கழுகுமலை எழுதியது:

இது தெரியாமலே படத்தைப் பார்த்தேன். புயல் அடித்த கப்பலுக்குப் பதிலாக ஆற்றில் கயாக். நன்றாக இருக்கிறது. முதல் இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகும் பார்க்கலாம் போல.

நடுப்பக்கம் எழுதியது:

விழுந்த இடத்தில் புனிதர் ஆவது என்பதை ஏற்கிறேன், படகு கணக்குச் சரியாகிறது. கொலை சரியாகவில்லை.

தன் சட்டையைப் போட்டிருக்கிறான், திருடன் என்று நினைத்து, காலையில் காதலித்தவனைக் கத்தியால் முடித்துவிடுகிறான். அடுத்து இரண்டு காட்சி தள்ளிக் காடு அழகாக இருக்கிறது. அந்தப் பையனுக்கு வாய் பேசாது, தான் திருடவில்லை என்று சொல்லக்கூட முடியாதவன். அவன் சாவை ஒரு படிக்கட்டாகத்தான் படம் வைத்திருக்கிறது. அவனுக்கு இயேசு என்று பெயர் இருப்பதால் அது தத்துவமாகிவிடுமா? நிஜ அந்தோணியார் யாரையும் கொல்லவில்லை. இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்து நிறுத்தி, செத்தவன் திரும்பி வந்ததுபோல் காட்டுவது எனக்கு ஏமாற்று வேலையாகவே படுகிறது.

லிங்கராஜபுரத்தாள் எழுதியது:

இதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். தோமா என்று பெயர் வைத்ததும், யோவான் நற்செய்தி தோமாவை இரட்டையர் என்று சொல்வதை வைத்து அவனை இரட்டைச் சகோதரன் ஆக்கியதும் புத்திசாலித்தனம். புனித தோமாவின் பரங்கிமலைக்குப் போய்வந்த எங்களுக்கு உடனே புரியும். ஆனால் புத்திசாலித்தனம் வேறு, மனம் கனப்பது வேறு. அந்தப் பையனுக்காக அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் என் அம்மாவைக்கூட உட்கார வைத்திருப்பேன். சரி, உட்கார வைத்திருக்க மாட்டேன்.

சில்க்போர்டு_சிக்னல் எழுதியது:

அம்மா ஊருக்குக் கிளம்பியதும் பார்த்துவிட்டேன். இவ்வளவு பெரிய விளக்கம் எதற்கு? செர்ஜியோ முதலிலேயே மாத்திரை சாப்பிடு என்கிறான், ஆற்றில் மாத்திரை போய்விட்டது. அதன் பிறகு வருவதெல்லாம் மாத்திரை இல்லாமல் அவன் மண்டைக்குள் ஓடுவது. கேஸ் முடிந்தது.

பெந்தகாளூரான் எழுதியது:

அந்த வாசலை இயக்குநரே திறந்து வைத்திருக்கிறார், நீ நேராக நுழைந்துவிட்டாய். எல்லாம் அவன் மண்டைக்குள் என்றால், அவன் தன்னை வேறு ஆளாகப் பார்க்க வேண்டும், நாமும் அவன் கண் வழியாக அப்படிப் பார்க்க வேண்டும். ஆனால் அவனை வேறு ஆளாகப் பார்ப்பது கழுகுமலை சார் சொன்ன பறவைகள். அவற்றுக்கு யார் மாத்திரையை நிறுத்தினார்கள்?

சில்க்போர்டு_சிக்னல் எழுதியது:

சரி சரி. அந்த வசனமில்லாத குறும்படம் எங்கே கிடைக்கும்? அதையாவது அம்மாவோடு பார்க்கலாமா?